தொப்பூர் மேட்டில் மட்டும் எரிந்த விளக்கு

நேற்று சேலத்திலிருந்து 1,200 கிலோ மாட்டுத் தீவனம் ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேட்டில் ஏறினேன். மூன்றாவது கியர், ஆக்சிலரேட்டர் முக்கால் பங்கு அழுத்தம், 35 கிலோமீட்டர் வேகம். இரட்டைப் பாலம் தாண்டியது. வழக்கமாக விளக்கு எரிகிற வளைவு வந்தது, போனது. பாளையம் சுங்கச்சாவடி வரை மீட்டர் போர்டில் இன்ஜின் கோளாறைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரியவே இல்லை. சித்திரைக் கடைசியில் வந்த கோளாறு ஆடியில் தீர்ந்திருக்கிறது. மறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன். இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் யாராவது ஒருவர் வால்வு வாங்கக் கடைக்குப் போகும் முன் இதைப் படித்தால் எனக்கு நிம்மதி.

வண்டி 2018-ல் வாங்கிய டீசல் பிக்கப், பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிப்படி வந்தது). ஓட்டம் 1,46,000 கி.மீ. ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். என் தொழில் வீட்டு வயரிங். வண்டியை மச்சான் ஓட்டுகிறான். பாலக்கோட்டிலிருந்து தக்காளி, பருவத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு மாங்காய், திரும்பும்போது கிடைக்கிற லோடு. வருடத் தவணையில் பாதியை மாங்காய்ப் பருவம்தான் கட்டிக்கொடுக்கும். அந்தப் பருவம் தொடங்கிய வாரத்தில்தான் மச்சானிடமிருந்து போன் வந்தது.

"மாமா, வண்டி இழுக்க மாட்டேங்குது. மஞ்ச லைட் எரியுது. முழுசா மிதிச்சாலும் ரெண்டாயிரத்துக்கு மேல ஏறல. தொப்பூர் மேட்டுல நிக்கிறேன்."

"பின்னாடி லாரி வருதா பாத்து ஓரங்கட்டு. பார்க்கிங் லைட் போடு. ஆஃப் பண்ணிப் பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணு."

பத்து நிமிடம் கழித்து வண்டி ஒழுங்காக இழுத்தது. விளக்கு மட்டும் இரண்டு நாள் எரிந்து, தானாக அணைந்தது. தொப்பூரில் ஏறும்போது வண்டி திடீரென்று இழுவையை விடுவது சாதாரண தொந்தரவு இல்லை. பின்னால் பாரம் ஏற்றிய லாரி நம் வேகத்தை நம்பி வந்துகொண்டிருக்கும். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் மறுபடி. இம்முறை கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி போகும் வழியில் உள்ள மேலுமலை மேட்டில், மாங்காய் லோடோடு. பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு, "இ.ஜி.ஆர். வால்வு போச்சு தம்பி. பி0405 காட்டுது" என்றார்கள். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் வால்வு அது. உள்ளே எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு உண்டாவதைக் குறைப்பது அதன் வேலை. எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல அதிலேயே ஒரு சென்சார் இருக்கிறது. அந்த சென்சாரின் சிக்னல் இருக்க வேண்டிய அளவுக்கும் கீழே போகிறது என்று சொல்லும் கோளாறு எண்தான் (பட்டறையில் 'கோடு' என்பார்கள்) பி0405.

வால்வு 13,800 ரூபாய். கேஸ்கெட் 180. மாட்டுகூலி 1,500. பருவ நேரம், வண்டி நின்றால் நஷ்டம், யோசிக்காமல் மாற்றச் சொன்னேன். பழைய வால்வைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஒன்பது நாள் விளக்கு இல்லை. சரியாகிவிட்டது என்றே நம்பினேன். அந்த ஒன்பது நாளும் வண்டி காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி என்று சமதளத்திலேயே ஓடியிருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பத்தாவது நாள் சூளகிரிக்கு லோடு. மேலுமலையில் விளக்கு எரிந்தது.

பட்டறையில் இப்போது வேறு யோசனை சொன்னார்கள். "ஒரு தகடு வெட்டி வெச்சு அடைச்சுடலாம். முன்னூறு ரூபா. எல்லாரும் பண்றதுதான்." இ.ஜி.ஆர். குழாயின் வாயில் தகடு வைத்து வழியை மூடுவது. எனக்கு மனம் ஒப்பவில்லை. புகைச் சோதனையில் அது சிக்காது. டீசல் வண்டிக்குப் பார்ப்பது புகையின் கருமையை மட்டும்தான், நைட்ரஜன் ஆக்சைடு அந்தச் சோதனையில் தெரியாது. ஆனால் அந்தக் காற்றை மூச்சில் இழுப்பது லோடு இறக்கும் ஆட்களும் மண்டியில் உட்கார்ந்திருக்கும் பெண்களும்தான். வண்டியோடு வந்த ஒன்றை அடைப்பது சட்டப்படியும் தப்பு. வேண்டாம் என்று சொல்லி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நானே பார்ப்பது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

முதலில் 850 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. டாங்கிள் (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் சிறு கருவி) வாங்கினேன். போனில் ஒரு இலவசச் செயலி. சாவியை ஆன் செய்து கோடுகளைப் படித்தபோது மூன்று வந்தன: பி0405, பி0237, பி0651. முதலாவது நமக்குத் தெரிந்தது. இரண்டாவது டர்போ காற்றழுத்த சென்சாரின் சிக்னல் குறைவு. மூன்றாவது, சென்சார்களுக்கு இ.சி.யு. (வண்டியின் கம்ப்யூட்டர்) அனுப்பும் 5 வோல்ட் சப்ளையில் கோளாறு. பட்டறையில் முதல் கோடை மட்டும் படித்துவிட்டு, மற்ற இரண்டும் அதைத் தொட்டு வந்தவை என்று விட்டிருக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் என் தொழில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். தெருவில் மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் விளக்கு அணைந்தால் நான் யார் வீட்டு பல்பையும் கழற்ற மாட்டேன். நேராகக் கம்பத்துக்குப் போவேன். இங்கே இரண்டு சென்சார் ஒரே நொடியில் செத்திருக்கின்றன, இரண்டுக்கும் சோறு போடும் சப்ளை மூன்றாவதாகப் புகார் சொல்கிறது. ஆனாலும் அப்போதும் எனக்குச் சந்தேகம் வால்வின் பிளக் மேல்தான் இருந்தது.

கோடு விழுந்த நொடியின் கணக்கையும் டாங்கிள் காட்டியது: 2,100 ஆர்.பி.எம்., இன்ஜின் மேல் சுமை 88 சதவீதம், வேகம் 34, தண்ணீர்ச் சூடு 84 டிகிரி. இதைத் தனியாக நோட்டில் எழுதிக்கொண்டேன். பின்னால் இதுதான் பெரிதும் உதவியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேப்பமரத்தடியில் நிறுத்தி அளந்தேன். வால்வு பிளக்கில் ஐந்து வயர்: மோட்டாருக்கு இரண்டு, சென்சாருக்கு மூன்று. சென்சார் மூன்றில் ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், ஒன்று சிக்னல். வயரின் தோலைக் குத்தி அளக்கக் கூடாது. குத்திய ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே செம்பு பச்சை பிடித்துவிடும். பிளக்கின் பின்பக்கம், வயர் நுழையும் ரப்பர் சீலின் ஓரமாக மெல்லிய குண்டூசியை விட்டு, அதில் மீட்டர் முனையைப் பிடித்தேன். டெஸ்ட் லாம்பை இந்த வயர்களில் வைக்கக் கூடாது. வீட்டு வயரிங்கில் அதுதான் என் கைப்பழக்கம். அதனால் அன்று டெஸ்ட் லாம்பைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை.

சாவி ஆன், இன்ஜின் ஆஃப். 5 வோல்ட் வயரில் 5.02. கிரவுண்ட் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் 0.01. சிக்னல், வால்வு மூடிய நிலையில், 0.92. மோட்டார் சுருள் 3.4 ஓம். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன், அதே. ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், அதே. கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் வயர் கட்டை ஆட்டிப் பார்த்தேன், அதே. எல்லாம் சரி என்று மீட்டர் சொன்னது. மாலை ஆறு மணிக்கு மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அடுத்த ஒரு வாரம் தவறான பாதை. சூட்டினால் பிளக் டெர்மினல் விரிந்து தொடர்பு விடுகிறது என்று நினைத்தேன். கான்டாக்ட் கிளீனர் அடித்தேன், பிளக்கைச் சுற்றி அலுமினிய டேப் ஒட்டிச் சூடு படாமல் மறைத்தேன். தொப்பூரில் மறுபடி எரிந்தது.

அப்போதுதான் மச்சானிடம் ஒரு சிறிய நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னேன். இடம், லோடு, கியர், விளக்கு எரிந்ததா இல்லையா. மூன்று வாரத்தில் 14 வரி. ஆறு முறை எரிந்திருக்கிறது. ஆறும் மேட்டில், ஆறும் லோடோடு, ஆறும் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில். காலி வண்டியாகத் தொப்பூர் ஏறிய இரண்டு முறையும் எரியவில்லை. லோடோடு தொப்பூர் இறங்கியபோதும் எரியவில்லை. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் ஒருமுறைகூட இல்லை.

சூடா, சுமையா என்று பிரித்தாக வேண்டும். ஒரு நாள் இரவு மாங்காய் லோடோடு குருபரப்பள்ளியில் வண்டியை நிறுத்திவிட்டு மச்சான் அங்கேயே படுத்துக்கொண்டான். காலை ஐந்து மணிக்கு இன்ஜின் பச்சைத் தண்ணீராக இருக்கும்போது கிளப்பி நேராக மேலுமலை ஏறினான். தண்ணீர்ச் சூடு 58 டிகிரியில் விளக்கு எரிந்தது. சூடு காரணம் இல்லை. ஒட்டிய அலுமினிய டேப்பை அன்றே பிய்த்துப் போட்டேன்.

லோடோடு மேடு ஏறும்போது இன்ஜினில் வேறு என்ன மாறுகிறது? முறுக்கு விசை. அந்த விசையில் இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் ஒரு பக்கமாகச் சாயும். சாயும்போது ஏதோ ஒன்று எதையோ தொடுகிறது. நிற்கிற வண்டியில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அளந்தாலும் 5.02 தான் காட்டும்.

அதை வீட்டு வாசலிலேயே வரவழைக்க முடியும் என்பதுதான் இந்த வேலையில் நான் கற்றதில் எனக்கு மிகவும் பிடித்தது. என் டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். நொடிப்பொழுதில் விழுந்து எழுவதை அது விட்டுவிடலாம். காவேரிப்பட்டணத்தில் டி.வி. பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் பழைய முள் மீட்டர் இருந்தது. இரண்டு நாளுக்கு வாங்கி வந்தேன். 10 வோல்ட் அளவில் வைத்து, மூன்று மீட்டர் வயரை நீட்டி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மீட்டரை முன்கண்ணாடியில் உள்ளே பார்க்கும்படி டேப்பில் ஒட்டினேன். ஒரு முனை வால்வு பிளக்கின் 5 வோல்ட் குண்டூசியில், மறுமுனை பேட்டரி மைனஸில்.

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கருங்கல் வைத்தோம். கைபிரேக் முழுதாக. வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினேன். நான் மச்சான் பக்கத்துச் சீட்டில். கால்பிரேக்கை அழுத்தியபடியே முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, இன்ஜின் திணறும் இடத்தில் இரண்டு நொடி பிடித்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் பிடித்தால் கிளட்ச் பிளேட் கருகும்.

"இப்ப விடுறேன் மாமா."

இன்ஜின் ஒரு பக்கம் தூக்கிச் சாய்ந்தது. முள் 5-லிருந்து பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. கிளட்சை அழுத்தினான்; முள் எழுந்து 5-இல் நின்றது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு மாதமாக மலைக்கு மலை தேடியது வாசலில் வந்து நின்றது.

மறுபடி செய்தோம், மறுபடி விழுந்தது. ரிவர்ஸ் கியரில் செய்தோம். இன்ஜின் எதிர்ப்பக்கம் சாய்ந்தது, முள் அசையவில்லை. பிறகு வால்வின் பிளக்கையே கழற்றிவிட்டு, வயர் பக்கத்து 5 வோல்ட் டெர்மினலில் மட்டும் ஊசியை வைத்து (டெர்மினலின் வாய் விரியாதபடி மெல்லிய ஊசி) முதல் கியரில் பார்த்தோம். வால்வு இணைப்பிலேயே இல்லை, முள் விழுந்தது. டர்போ சென்சாரின் பிளக்கையும் கழற்றினோம். அப்போதும் விழுந்தது. ஆக வால்வும் இல்லை, சென்சாரும் இல்லை. நடுவில் இருக்கும் வயர். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. 13,800 ரூபாய் கொடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டியது.

ஏர் பில்டர் பெட்டியையும் இன்டேக் ரப்பர் குழாயையும் கழற்றினேன். எட்டு 10 எம்.எம். போல்ட், இரண்டு கிளாம்ப். வால்வுக்குப் போகும் வயர் கட்டு இன்ஜினின் பின்புறமாக இறங்கி, இ.ஜி.ஆர். கூலரை (திரும்ப உள்ளே போகும் புகையைக் குளிரவைப்பது) பிடித்திருக்கும் இரும்புத் தகட்டின் ஓரமாக வளைகிறது. அந்த வளைவில் கட்டைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் இல்லை. அது இருந்த ஓட்டை மட்டும் இருந்தது. தை மாதம் கிளட்ச் வேலை நடந்தபோது கியர்பாக்ஸ் இறங்கியது. அப்போது கிளிப் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். கட்டு தொங்கித் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தகட்டின் விளிம்பில், சுற்றிலும் கரியும் எண்ணெயும் அப்பியிருக்க, ஒரே ஒரு புள்ளி வெள்ளிபோல் மின்னியது. மிளகளவுகூட இல்லை. அதன் எதிரே வயர் கட்டின் பிளாஸ்டிக் நெளிகுழாய் தேய்ந்து கிழிந்து, உள்ளே ஒரு வயரில் செம்பு தெரிந்தது.

அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. ஆறு மாதம் தேய்ந்த மினுமினுப்பு.

இன்ஜினின் இடது தாங்கியில் டார்ச் அடித்தபோது ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பக்கவாட்டில் டேப்பால் ஒட்டி, பேட்டரி மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தபடி மறுபடி முதல் கியரில் சுமை கொடுத்தோம். வால்வு கவரின் ஓரம் 28 எம்.எம். எழும்பியது. நல்ல தாங்கிக்கு இது மிக அதிகம் என்று அப்போது ஊகித்தேன். மாற்றிய பிறகு அளந்ததில் 9 எம்.எம். தான் வந்தது.

பழுது பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி முடித்துவிடுகிறார்கள். இன்ஜின் சூட்டில் அந்த டேப்பின் பசை உருகி, ஆறு மாதத்தில் வழவழப்பாகி நழுவிவிடும்.

பேட்டரி மைனஸைக் கழற்றினேன். நெளிகுழாயை 20 சென்டிமீட்டருக்குப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு வயருக்கு அடி. 5 வோல்ட் வயரில் 16 இழையில் ஐந்து அறுந்திருந்தது. பக்கத்து சிக்னல் வயரில் தோல் மட்டும் சுரண்டியிருந்தது, செம்பு தெரியவில்லை. 5 வோல்ட் வயரில் கெட்ட பகுதி 40 எம்.எம். வெட்டி எடுத்துவிட்டு, 60 எம்.எம். புது 0.5 சதுர எம்.எம். ஆட்டோ வயரை நடுவில் போட்டேன். இருபுறமும் கிரிம்ப் ஸ்லீவ் (வயர் முனைகளை உள்ளே விட்டு நசுக்கி இணைக்கும் உலோகக் குழல்). வீட்டில் சால்டர் வைப்பேன், இங்கே வைக்கவில்லை; ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் வயர் ஒடியும். வயரைப் போடும் முன்பே சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைக் கோத்துக்கொள்ள வேண்டும். முதல் மூட்டில் அதை மறந்து கிரிம்ப் செய்துவிட்டு, வெட்டி மறுபடி போட்டேன். உள்ளே பசை தடவிய வகைதான் தண்ணீர் நுழையாமல் காக்கும். பி.வி.சி. பைப் வளைக்க வைத்திருக்கும் ஹாட் கன் போதும். ஓரத்தில் பசை கசிந்து ஒரு வளையமாக வந்தால் சரியாக ஒட்டிவிட்டது. சிக்னல் வயரில் வெட்டாமல், பிளக் டெர்மினலைக் கழற்றி அந்த முனை வழியாக ஷ்ரிங்க் குழாயை நுழைத்துச் சுருக்கினேன். மூட்டுகளும் இந்தக் குழாயும் ஒரே இடத்தில் குவிந்து கட்டு தடிக்காமல் 25 எம்.எம். தள்ளித் தள்ளி வைத்தேன்.

மொத்தக் கட்டுக்கும் கண்ணாடி இழை ஸ்லீவ் ஒரு மீட்டர், அதன் மேல் வயர் ஹார்னஸுக்கான துணி டேப். சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றலாம் என்று மச்சான் சொன்னான். மற்ற இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன், ஆனால் கூலர் பக்கத்துச் சூட்டிலும் எண்ணெயிலும் ட்யூப் இளகிவிடும். கட்டைத் தூக்கிப் பிடிக்க ரப்பர் வைத்த இரும்பு கிளாம்ப் இரண்டு; ஒன்று பழைய கிளிப்பின் ஓட்டையில் 6 எம்.எம். போல்ட் போட்டு, இன்னொன்று இன்டேக் குழாய்த் தாங்கியில். தகட்டின் விளிம்பை அரத்தால் மழுக்கினேன். இப்போது கட்டுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 22 எம்.எம்.

தாங்கியை பட்டறையில் மாற்றினோம். 1,750 ரூபாய், கூலி 600. அது மாறாமல் வயரை மட்டும் சரிசெய்திருந்தால் வேறு எதையாவது தேய்த்துக்கொண்டிருக்கும்.

பேட்டரியை மாட்டி, கோடுகளை அழித்து, சாவியை ஐந்து முறை ஆன், ஆஃப் செய்தேன். ஆஃப் செய்யும்போதெல்லாம் வால்வு ஒருமுறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. முள் மீட்டரோடு முதல் கியர் சோதனை: முள் 5-இலேயே நின்றது. பத்து முறை செய்தோம். பிறகுதான் மீட்டரைத் துடைத்துப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன். வாடகை வாங்க மாட்டேன் என்றார். ஒரு கூடை மாம்பழம் வைத்துவிட்டு வந்தேன்.

புகைச் சோதனைச் சான்று முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. தாமதிக்காமல் எடுத்துவிட்டேன். பி.எஸ்.4 டீசலுக்குப் புகையின் கருமை அளவின் எல்லை 1.62, எங்கள் வண்டி 0.74 காட்டியது.

கணக்கு. வயர், ஷ்ரிங்க், கிரிம்ப், ஸ்லீவ், துணி டேப், கிளாம்ப் எல்லாம் சேர்த்து 490 ரூபாய். தாங்கி 2,350. டாங்கிள் 850. இவை தேவையான செலவு. தேவையில்லாத செலவு: வால்வு மாற்றியதில் 15,480, அது போகப் பருவத்தில் தவறிய இரண்டு நடை. மின்சாரப் பொருளைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

பழைய வால்வை மேசையில் வைத்துச் சோதித்தேன். மூன்று சிறிய பேட்டரி செல்லைத் தொடராக மாட்டி, சென்சாரின் 5 வோல்ட், கிரவுண்ட் முனைகளில் 4.6 வோல்ட் கொடுத்து, வால்வை விரலால் மெதுவாகத் தள்ளினேன். சிக்னல் 0.84-லிருந்து 3.6 வரை இடையில் எங்கும் குதிக்காமல் சீராக ஏறியது. மோட்டார் சுருள் 3.6 ஓம். நல்ல வால்வு. உள்ளே மூன்று எம்.எம். கரி படிந்திருந்தது, கார்ப் கிளீனரும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்து, மோட்டார் பக்கம் ஈரம் போகாமல் தலைகீழாகப் பிடித்துச் சுத்தம் செய்தேன். செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் இருக்கிறது.

அடுத்த முறை நான் செய்யும் வரிசை மாறும். எல்லாக் கோடுகளையும் போனில் படம் எடுத்துக்கொள்வேன், ஒன்றை மட்டும் கேட்டு வர மாட்டேன். மச்சானிடம் நோட்டை முதல் நாளே கொடுப்பேன். சமதளத்தில் ஒன்பது நாள் ஓடியதை வைத்துச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிளட்ச், கியர்பாக்ஸ் என்று பெரிய வேலைக்கு வண்டி போய் வந்தால், அன்றே டார்ச்சோடு பானெட்டைத் திறந்து எந்த வயர் கட்டு தொங்குகிறது என்று பார்ப்பேன். எந்தப் பொருளை வாங்கச் சொன்னாலும், அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு முதல் கியர் சோதனையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பேன்.

கூலர் தகட்டின் அந்த விளிம்பில், மினுமினுத்த புள்ளியின் மேல், கொஞ்சம் வெள்ளை பெயிண்ட் தொட்டு வைத்திருக்கிறேன். வயர் மறுபடி இறங்கி உரசினால் பெயிண்டில் கோடு விழும். நேற்று தொப்பூர் ஏறி வந்ததும், தீவன மூட்டை இறக்கும் முன், டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருக்கிறது.